சேவல் சாடி நனைந்தே இருக்கட்டும்

கொழும்பு, புறக்கோட்டை
9 பிப்ரவரி 1948

அக்கா அவர்களுக்கு,

ஆறு வருஷமாக எழுதாதவள் எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உறையைப் பிரிக்கும் முன்பே சொல்லியிருப்பீர்கள். இருக்கிறது.

கனிக்கு நெஞ்சு நோய். ஐப்பசியிலேயே இருமல் தொடங்கிவிட்டது. தை பிறந்ததும் இரத்தம் வந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தூக்கினால் தலையணையைத் தூக்குவது போலிருக்கிறது. ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு மருந்தின் பெயரை எழுதித் தந்தார்: ஸ்ட்ரெப்டோமைசின். இந்த மருந்து இருந்தால் பிழைப்பாள், ஆனால் அது இங்கே இல்லை என்றார். அதை அவர் அமைதியாகத்தான் சொன்னார். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்களுக்கு ஏஜெண்டாக இருப்பவர் லுபெல் துரை. தம் நாட்டுப் பழைய மண்சாடிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். ஏலக்காய் வாங்க நம் கடைக்கு வந்தவர், சுவரில் மாட்டியிருக்கும் அப்பா படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். படத்தில் அப்பாவின் முழங்கையருகே சேவல் சாடி இருக்கிறதல்லவா, அதன் ஜோடி அவரிடம் இருக்கிறதாம். இருபது வருஷமாக மற்றதைத் தேடுகிறாராம். கடையில் உட்கார்ந்திருந்த கனி அப்பா முந்திக்கொண்டு அவள் நோயைச் சொன்னார்கள். துரையின் தம்பி மார்செய்ல்ஸில் டாக்டர். மருந்து கப்பலில் வரும், இரண்டு பெட்டி, சாடி மெருகு குலையாமல் முழுதாக வந்தால் என்றார். பணம் வேண்டாம், சாடிதான் வேண்டும் என்றார்.

நாற்பத்திரண்டில் இங்கே குண்டு விழுந்ததும் கனியோடு உங்களிடம்தான் ஓடி வந்தேன். தூத்துக்குடியும் அஞ்சி ஊரைக் காலி செய்தபோது, சாமியாடி சொன்னபடி அந்தச் சாடியைக் கொல்லையில் புதைத்தேன். இருமிக்கொண்டிருந்த பிள்ளையின் கையில் மஞ்சள் கயிறு கட்டினேன். அந்தக் கயிற்றை என் புகுந்த வீட்டார் பார்க்க நீங்கள் கத்தரிக்கோலால் அறுத்தீர்கள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

சாடியைத் தோண்டி எடுத்து அனுப்புங்கள். அப்பா என் பேர் சொல்லிக் கொடுத்தது அது.

இப்படிக்கு,
சண்முகவடிவு


தூத்துக்குடி
14 பிப்ரவரி 1948

வடிவுக்கு,

உன் கடிதம் வந்தது. எழுத்துப் பிழை இரண்டு. நோயாளி இருக்கும் வீட்டிலிருந்து எழுதியதால் விட்டுவிடுகிறேன்.

சாடியைக் கொல்லையில் எந்த இடத்தில் புதைத்தாய் என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஆறு வருஷமாக அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் நடந்துகொண்டிருக்கிறேன். வண்டிக்கார மாடக்கண்ணுவைக் கூப்பிட்டுத் தோண்டச் சொன்னேன். மண்வெட்டியை ஓங்குவதற்கு முன் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கீழ ஏதும் பூதம் காக்குதா, டீச்சரம்மா?"

"காக்குது. அது நான்தான். வெட்டுலே."

சாடி முழுதாக வந்தது. நீ சுற்றிய மஞ்சள் துணி நூல் நூலாகப் போய்விட்டது. சாடிக்கு ஒரு குறையும் இல்லை. நீல வரம்பும், வேலியில் ஏறி நிற்கும் சேவலும், அதன் காலடியில் அந்த அவலட்சணமான மஞ்சள் பூக்களும் அப்படியே இருக்கின்றன. பாரிஸிலிருந்து முத்து வாங்க வந்தவன், மங்கிப்போன தன் முத்தை அப்பா ஒரு தோல் உரித்துப் பளபளக்கச் செய்ததற்காக இதைக் கொடுத்தான் என்பது உனக்குத் தெரியும். அழகான சாமான் என்று நான் எந்நாளும் நினைத்ததில்லை. அது இப்போது கேள்வியில்லை.

கிணற்றுத் தண்ணீரில் கழுவி முற்றத்து வெயிலில் வைத்திருக்கிறேன். ஈரம் உலர்ந்ததும் வைக்கோலில் பொதிந்து புதன்கிழமை அனுப்புகிறேன்.

கனியின் காய்ச்சல் எத்தனை டிகிரி, காலையில் ஏறுகிறதா மாலையில் ஏறுகிறதா என்பதை எழுது. இரத்தம் என்று மட்டும் எழுதினால் போதாது.

சீனித்தாய்


தூத்துக்குடி
17 பிப்ரவரி 1948

வடிவுக்கு,

சாடி புதன்கிழமை புறப்படாது. லுபெலுக்கு நாள் எதுவும் சொல்லிவிடாதே.

நேற்று காலை முற்றத்தில் சிறு சத்தம் கேட்டது, அப்பளம் ஒடிவது போல. போய்ப் பார்த்தேன். சாடியின் அடிப்பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு மெருகு பெயர்ந்து கிடந்தது. அந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

ஆறு வருஷம் இந்த ஊர் மண்ணில் கிடந்த பாண்டம் அது. உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற நம் கொல்லையில் வேப்பமரமே முனகிக்கொண்டுதான் வளர்கிறது. பீங்கானாக இருந்தால் உப்பு உள்ளே போயிருக்காது. இது பீங்கான் இல்லை. சுட்ட செம்மண்ணுக்கு மேல் பூசிய கண்ணாடித் தோல். மண் உப்பைக் குடித்துவிட்டது. ஈரமாக இருக்கும்வரை உப்பு கரைந்து கிடக்கும். உலர்ந்தால் கல்லாகிப் பருத்துத் தோலை உள்ளிருந்து தள்ளும். அப்பா தோலை உரித்தால் உள்ளே முத்து இருந்தது. இதன் தோலை உரித்தால் இருப்பது வெறும் செம்மண்.

இயற்கை விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கியவள் இதை உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

இப்போது அண்டாவில் நல்ல தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. உப்பு வெளியேறும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாளாகும்.

சீனித்தாய்


கொழும்பு
24 பிப்ரவரி 1948

அக்கா,

நாளாகும் என்று எழுதிவிட்டீர்கள். யாருடைய நாள், அக்கா?

கனிக்குக் காலையில் தொண்ணூற்றொன்பது, மாலையில் நூற்றுமூன்று. கேட்டீர்கள், எழுதிவிட்டேன். நேற்று இருமியபோது சின்னக் கிண்ணம் நிறைய வந்தது. துடைத்துக்கொண்டே, "பெரியம்மை பதில் போட்டாவளா?" என்று கேட்டாள். அவள் கையில் இருந்த கயிற்றை அறுத்த பெரியம்மையைத்தான் கேட்கிறாள். அதற்கு நான் என்ன சொல்ல?

உப்பு, தோல், செம்மண் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது போல எழுதுகிறீர்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சாடி உங்கள் அண்டாவில் இருக்கிறது, என் பிள்ளை இங்கே படுக்கையில் இருக்கிறாள். லுபெல் துரை இருமுறை ஆள் அனுப்பிவிட்டார். முதல் பெட்டி அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. அதைப் பனிப்பெட்டியில் வைத்திருக்கிறாராம். என் பிள்ளையின் உயிர் அவர் வீட்டு வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. சாடியைக் கண்ணால் பார்க்காமல் தரமாட்டேன் என்கிறார். காலில் விழுந்தேன். எழுந்திருக்கச் சொல்லி நாற்காலி போட்டார். மருந்து மட்டும் தரவில்லை.

கனி அப்பா ஒரு வார்த்தை சொன்னார்கள்: "ஒங்க அக்காவுக்குச் சாடி மேல ஆசை வந்துட்டு." நான் மறுத்துப் பேசினேன். ஆனால் இன்று காலை எனக்கே அந்த எண்ணம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்புங்கள். பாதித் தோல் போனாலும் பரவாயில்லை.

வடிவு


தூத்துக்குடி
1 மார்ச் 1948

வடிவுக்கு,

பாதித் தோல் போனால் உனக்குப் பரவாயில்லை. லுபெலுக்குப் பரவாயில்லையா என்று அவனைக் கேட்டாயா? இன்று எடுத்து உலர்த்திப் பொதிந்து அனுப்பினால், நீ கொழும்பில் வைக்கோலைப் பிரிக்கும்போது மடியில் ஒரு மொட்டைப் பானையும் கைநிறையச் சில்லும் இருக்கும். அதைக் கொண்டுபோய் அவன் பனிப்பெட்டியைத் திறக்க முடியாது.

எனக்குச் சாடி மேல் ஆசையா இல்லையா என்பதை உன் வீட்டுக்காரர் பிச்சையாவோடு பிறகு பேசிக்கொள்கிறேன். இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நம் கிணறு உவர். குழாயில் வருவது குடிக்கவே பற்றாமல் தெருவே குடத்தோடு வரிசையில் நிற்கிறது. ஆகவே மாடக்கண்ணு கொற்கைப் பக்கம் போய் ஆற்றுத் தண்ணீர் கொண்டு வருகிறான். அவனும் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைக்கிறான். நேற்று அண்டாவில் ஊற்றிக்கொண்டே கேட்டான்:

"இம்புட்டுத் தண்ணி ஊத்துதியளே, இது மொளைச்சு வருமா?"

"மொளைக்கும். ஒங்கண்ணுக்குத் தெரியாது. ஊத்து."

பழைய பள்ளிக்கூட ஆய்வு அறையிலிருந்து ஒரு பழுப்புச் சீசா வாங்கி வந்தேன். அதில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. அண்டாத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் பால் போல வெளுக்கும், இல்லாவிட்டால் தெளிவாகவே இருக்கும். தினமும் காலையில் விட்டுப் பார்க்கிறேன். தினமும் வெளுக்கிறது. வெளுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நேற்று எனக்குத் தோன்றியது. தோன்றுவதை நம்பக் கூடாது என்று நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வெண்ணெய்க்குப் பக்கத்தில் என்ற வரியை இனி எனக்கு எழுதாதே.

ஒரு வழி இருக்கிறது. உலராமல் இருந்தால் தோல் பெயராது. ஆகவே தண்ணீரோடேயே அனுப்புகிறேன். ரயிலில் முடியாது, மண்டபத்துச் சுங்கத்தில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பிச்சையாவின் கடைக்கு வெங்காயம் ஏற்றும் தோணியில், ஒரு பீப்பாய் ஆற்றுத் தண்ணீருக்குள் சாடி வரும். தோணியின் தலைவன் விக்டர் தண்டல் முப்பது வருஷமாக இந்தக் கடலில் ஓடுகிறவன். அவனுக்கு நேரிலேயே சொன்னேன்.

"சாடி நனைஞ்சே இருக்கணும். ஒரு நாழிகை தண்ணி குறைஞ்சாலும் போச்சு. குறைஞ்சா நல்ல தண்ணி ஊத்து."

"உள்ள என்ன டீச்சரம்மா, மீனா?"

"மீனா இருந்தா ஒங்கிட்ட குடுப்பனா?"

அவன் சிரித்தான். ஏன் நனைந்தே இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாளைக் காலைக் காற்றில் புறப்படுகிறான். வந்ததும் ஈரத்தோடேயே லுபெலிடம் காட்டு. அடியில் ஒரு சிறு சில்லு போயிருப்பதை நீயே முதலில் சொல்லிவிடு. பிறகு மீண்டும் தண்ணீரில் இருக்க வேண்டும் என்பதையும் காரணத்தோடு சொல். சாமான் மேல் உண்மையான பற்றுள்ளவனாக இருந்தால் புரிந்துகொள்வான்.

சீனித்தாய்


கொழும்பு
13 மார்ச் 1948

அக்கா,

தோணி வரவில்லை.

மற்ற தோணிகள் எல்லாம் மூன்றாம் நாள், நாலாம் நாள் வந்துவிடும் என்று துறையில் சொல்கிறார்கள். இப்போது கடலில் காற்றே இல்லையாம். தினமும் போய் நிற்கிறேன். கனி அப்பா கடையைச் சாத்திவிட்டு என்னோடு வந்து நிற்கிறார்கள்.

கனிக்கு இப்போது இருமக்கூடப் பலமில்லை. டாக்டர் ஈஸ்டர் வரை என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திவிட்டார். நேற்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டில் அந்த இடம். ஆறு வருஷத்தில் அங்கே நான் வேறு கயிறு கட்டவில்லை, அக்கா. அறுபட்ட இடத்தில் மறுபடியும் கட்டக் கூடாது என்று சாமியாடி சொன்னான். அதனால்தான் கட்டவில்லை. கட்டியிருந்தால் என்று தோன்றுகிறது. நீங்கள் திட்டுவீர்கள். திட்டுங்கள். உங்கள் கையெழுத்து வந்தால் போதும்.

வடிவு


தூத்துக்குடி
18 மார்ச் 1948

வடிவு,

இங்கேயும் செய்தி இல்லை. தினமும் காலையில் துறைப் பாலத்து முனைக்குப் போகிறேன். முழங்கால் வலியை நான் பொருட்படுத்துவதில்லை, அதுவும் என்னைப் பொருட்படுத்துவதில்லை. கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போல் கிடக்கிறது. துறையில் இருந்த ஒருவன், "காத்து வரும் டீச்சரம்மா, அது வரதுதானே அதோட வேல" என்றான்.

உன்னைத் திட்டப் போவதில்லை. கயிறு நோயைக் கட்டுப்படுத்தாது. அறுத்ததாலும் நோய் வராது. இது எனக்குத் தெரியும், இன்றும் தெரியும். ஆனால் அன்று நான் அறுத்தது நோயைப் பற்றி நினைத்து அல்ல. உன் புகுந்த வீட்டார் என்னைப் பார்த்த பார்வைக்காக. ஒன்பது வயதில் தாலி அறுத்தவள் குழந்தை அருகே நிற்கலாமா என்று உன் மாமியார் என் காது படச் சொன்னார். கத்தரிக்கோல் கையில் இருந்தது. அறுப்பதற்கு எனக்குப் பக்கத்தில் கிடைத்தது அந்தக் கயிறுதான்.

அன்றே பிள்ளையை டாக்டரிடம் கொண்டு போயிருக்க வேண்டும். நீயும் போகவில்லை, சண்டையில் நானும் போகவில்லை. மற்றதெல்லாம் பேச்சு.

பீப்பாய்க்கு இறுக்கமான மூடி போட்டிருக்கிறேன். தண்ணீர் ஆவியாகாது. நானும் ஆயிரம் முறை யோசித்துவிட்டேன், ஆவியாகாது.

கனியிடம் பெரியம்மை பதில் போட்டாள் என்று சொல்.

அக்கா


கொழும்பு
25 மார்ச் 1948

அக்கா,

தோணி வந்தது. மருந்து கிடைத்தது. முதல் ஊசி போட்டாயிற்று. இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன், ஏனென்றால் மற்றது நல்லதல்ல.

நடுக்கடலில் காற்றில்லாமல் கிடந்திருக்கிறார்கள். வந்திறங்கியவர்களின் உதடெல்லாம் வெடித்திருந்தது. விக்டர் தண்டல் பீப்பாயை எங்கள் வாசலில் உருட்டி வந்து வைத்துவிட்டு நின்றார். ஏதோ சொல்ல வேண்டியவர் போல நின்றார்.

"பாத்துக்கோங்கம்மா. ஒரு சொட்டுக் கொறையல. அக்காட்ட சொல்லிருங்க."

மூடியைத் திறந்தோம். வாயளவு நிறைந்திருந்தது. மேலே கடற்பாசி ஒரு நூல் மிதந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"எம்மா, பொய் சொல்லமாட்டேன். எங்க தண்ணி தீந்துட்டு. ஆறு பேரு. சின்னவன் ஒருத்தன் பெனாத்த ஆரம்பிச்சுட்டான். பீப்பாய்த் தண்ணியத்தான் குடிச்சோம். நல்ல தண்ணிதான் ஊத்தணும்னு அக்கா சொன்னாவ, வாஸ்தவம். மனுசன் சாவக் கெடக்கையில சாடிக்கு எதுக்கு நல்ல தண்ணி? நனைஞ்சு கெடந்தாப் போதாதா? குடிக்கக் குடிக்க கடத் தண்ணிய மொண்டு நெரப்பிட்டே வந்தோம். அக்கா சொன்னது தவறல."

கனி அப்பா கையை ஓங்கினார்கள். நான்தான் தடுத்தேன். ஆறு பேர் உயிரோடு வந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் கனியைவிடச் சின்னவன். எதைச் சொல்லித் திட்டுவது? சோறு போட்டு அனுப்பினேன்.

பிறகு செய்ததையும் எழுதுகிறேன். நீங்கள் எழுதியதெல்லாம் எனக்கு நினைவிருந்தது. உப்பு உள்ளே போகும், உலர்ந்தால் தோலைத் தள்ளும். தெரிந்துதான் ஈரத்துணியில் சுற்றி ரிக்ஷாவில் கொண்டு போனேன். துரை அதைத் தம் சாடிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு சேவலும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடியில் சில்லு போயிருப்பதைச் சொன்னேன். அது பரவாயில்லை என்றார். கடல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் பனிப்பெட்டியைத் திறக்கப் போய்விட்டார். திரும்ப ஈரத்துணியைச் சுற்றி வைக்க மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் பெட்டி பாதி வைத்தியத்துக்குத்தான் காணும். இடையில் நின்றால் போடாததைவிட மோசம் என்கிறார் டாக்டர். இரண்டாவது பெட்டி மே மாதக் கப்பலில் வருகிறது. அதற்குள் சாடி உலர்ந்துவிடும். உலர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நான் போய் உண்மையைச் சொன்னால் ஏமாற்றினாய் என்பார். சொல்லாவிட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

உடனே எழுதுங்கள். எனக்கு யோசிக்க வரவில்லை.

உங்கள் வடிவு


தூத்துக்குடி
29 மார்ச் 1948

வடிவு,

இதைப் படகு ரயிலில் வரும் கடை ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பழுப்புச் சீசாவும் வருகிறது. அதைக் கையில் கொட்டிக்கொள்ளாதே, கறுக்கும்.

விக்டர் தண்டலைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. காரணத்தைச் சொல்லாமல் கட்டளை மட்டும் கொடுத்தவள் நான். பள்ளிக்கூடத்தில் அது செல்லும்.

இப்போது உண்மையைச் சொல்லாதே. நான் இப்படி எழுதுகிறேன் என்பதை நம்ப முடியாவிட்டால் கையெழுத்தை மறுபடியும் பார்த்துக்கொள். சாடி திரும்ப நல்ல தண்ணீருக்குள் போக வேண்டும், பல வாரம் கிடக்க வேண்டும். காரணத்தைக் கேட்டால் அவன் மருந்தை நிறுத்துவான். ஆகவே வேறு காரணம் கொடு. நாளைக்கே போய் இப்படிச் சொல்:

எங்கள் குடும்பத்து வழக்கப்படி, மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பாண்டம் வேறு வீட்டுக்குப் போனால், அங்கே ஒரு மண்டலமாவது நீருக்குள் இருக்க வேண்டும். தினமும் காலையில் மழைத் தண்ணீரை மாற்ற வேண்டும். இடையில் உலர்ந்தால் கொடுத்த வீட்டுக்கும் ஆகாது, வாங்கிய வீட்டுக்கும் ஆகாது. இதை வெட்கப்பட்டுக்கொண்டே சொல். வெள்ளைக்காரன் நம் அறிவை நம்பமாட்டான், நம் மூடத்தனத்தைக் கேள்வி கேட்காமல் நம்புவான். கல்வி மாநாடுகளில் முப்பது வருஷம் பேசியிருக்கிறேன், ஒரு துரையும் குறிப்பெடுத்ததில்லை. இதை லுபெல் எழுதியே வைத்துக்கொள்வான்.

சீசாவில் இருப்பதற்குத் தீர்த்தம் என்று பெயர் சொல். வாரம் ஒரு முறை நீயே போய், தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து ஒரு சொட்டு விடு. வெளுத்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று சொல். தெளிவாக நின்றால் எனக்கு எழுது.

இன்னொன்று. அவன் ஆசைப்பட்டு வெளியே எடுத்துவிடக் கூடாது. சாடியின் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிடு. அவிழ்க்கும்வரை யாரும் தூக்கக் கூடாது என்று சொல்.

சிரிக்காதே. சிரிக்க உனக்கு நேரமிருந்தால் கனியின் காய்ச்சல் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

அக்கா


கொழும்பு
15 மே 1948

அக்கா,

இத்தனை நாள் இரண்டு இரண்டு வரியாக எழுதினேன். இன்று முழுதாக எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியேதான் நடந்தது. துரை தாமிரத் தொட்டி ஒன்று வாங்கி, மழைத் தண்ணீரைத் தாமே மாற்றினார். எந்தச் சாமிக்கு என்று கேட்டார். பெயர் சொல்லக் கூடாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் தீர்த்தம் விட்டேன். ஒவ்வொரு வாரமும் வெளுத்தது. முதல் பெட்டி தீரும் நேரத்தில் கனி எழுந்து உட்கார்ந்தாள்.

போன வாரம் துரை வீட்டில் விருந்து. பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள். ஜோடியைக் காட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை. கயிற்றை அவிழ்த்து, சாடியைத் துடைத்து, மேசை மேல் வைத்துவிட்டார். நாலு நாள் அங்கேயே இருந்திருக்கிறது. நான் மருந்து கேட்கப் போன அன்று, இரண்டாவது பெட்டி மேசையில் இருந்தது. அதன் பக்கத்தில் சாடி. சேவலுக்குத் தலை இல்லை. துரை உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கொண்டையும் கண்ணும் சின்னச் சில்லாக அதில் கிடந்தன.

"இதுவும் உங்கள் வழக்கமா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா. புதைத்தது, கடல் தண்ணீர், தீர்த்தம், கயிறு எல்லாம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் போதவில்லை. அவருடைய குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தான். என் பிள்ளை சாகக் கிடந்தாள் என்பதை மட்டும் நானே சொன்னேன். அதற்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும்.

கையிலிருந்த சில்லைச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்டியைத் திரும்பவும் பூட்டி வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு பெட்டியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். அதன் மேல் கனியின் பெயரை அவர் கையாலேயே எழுதி வைத்திருந்தார். இனி உங்கள் வீட்டில் யாரும் இந்த வாசலுக்கு வர வேண்டாம் என்றார். குமாஸ்தா அதை மொழிபெயர்க்கவில்லை. அவசியமும் இல்லை.

மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் இல்லை. சளிப் பரிசோதனையில் இன்னும் கிருமி இருக்கிறது, ஆனால் குறைந்திருக்கிறது. இடது காதில் ஓயாமல் இரைச்சல் என்றாள். இப்போது அந்தக் காதில் ஒன்றும் கேட்பதில்லை. மருந்தின் வேலை, திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்தலாமா என்று கேட்டேன். நிறுத்தினால் கேட்கவே ஆள் இருக்காது என்றார். போடச் சொல்லிவிட்டேன். நான் செய்தது சரிதானா என்று எழுதுங்கள்.

உங்கள் வடிவு


தூத்துக்குடி
21 மே 1948

வடிவு,

சரிதான். காது இரண்டு இருக்கிறது. வலப்பக்கம் உட்கார்ந்து பேசு.

லுபெலுக்கு நானே ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். வழக்கம் என்னுடைய கற்பனை, உன்னுடையது அல்ல என்றும், தலை போன சேவலை இன்றே தண்ணீருக்குள் போட்டால் உடம்பாவது மிஞ்சும் என்றும், அந்தச் சீசாவின் உண்மைப் பெயரையும் எழுதியிருக்கிறேன். மன்னிப்பு என்ற சொல்லை ஒரு முறை பயன்படுத்தினேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம், போடாமலும் இருக்கலாம். மருந்தைத் தள்ளிவிட்ட விரல் அவனுடையது, ஆகவே அவனைப் பற்றி நான் இழிவாகப் பேசப்போவதில்லை. பிச்சையாவும் பேச வேண்டாம்.

கொல்லைக் குழியை மாடக்கண்ணு மூடிவிட்டான். மேலே தைரியமாக மிதித்து நடக்கிறேன். ஆற்றுத் தண்ணீர் இனி வேண்டாம் என்று சொன்னபோது அவன், "மொளைச்சுதா டீச்சரம்மா?" என்றான். பாதி என்றேன்.

பெட்டி தீரும்வரை ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது. சளிப் பரிசோதனையின் முடிவை ஒவ்வொரு முறையும் எழுது. நன்றாக இருந்தால் மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொள்ளாதே.

சாடிக்கு வாங்கிய மஞ்சள் கயிற்றில் மிச்சம் இருந்தால் கனியின் கையில் கட்டு. அதனால் ஒரு பயனும் இல்லை. அறுப்பதற்கு நான் கத்தரிக்கோலோடு வர, தென்மேற்குக் காற்று மாறும்வரை இங்கிருந்து தோணியும் இல்லை.

அக்கா